ரூட் கேனலுக்குப் பிறகு ஆன்லேயா, கேப்பா? மிஞ்சிய சுவரை அளந்து முடிவெடுங்கள்

ரூட் கேனல் செய்த கடைவாய்ப்பல் ஏன் உடைகிறது? 'நரம்பை எடுத்ததால் பல் காய்ந்து போய்விட்டது' என்பது வழக்கமான பதில். ஆனால் ஈரப்பதத்தில் வரும் மாற்றம் மிகச் சிறியது. சொத்தையும் பழைய அடைப்பும் தின்றது போக எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 1989-இல், பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை வைத்து அளந்து பார்த்தார்கள். ரூட் கேனலுக்காக மேலே போடும் துளை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம்தான் குறைத்தது. அடுத்த பற்களைத் தொடும் இரு பக்க வரப்புகளையும் வெட்டிய பள்ளமோ 63 சதவீதம் குறைத்தது. ஆக, முதல் கேள்வி இதுதான்: அந்த இரண்டு வரப்புகளும் இருக்கின்றனவா? இரண்டும் முழுசாக இருந்து, சுவர்களும் தடிமனாக இருந்தால், பசையோடு ஒட்டும் காம்போசிட் (பல் நிறப் பிசின்) அடைப்பே சில பற்களுக்குப் போதும். ஒன்றாவது போயிருந்தால் முகடுகளை, அதாவது பல்லின் மேலே மேடாக நிற்கும் முனைகளை, பெரும்பாலும் மூட வேண்டியிருக்கும்.

மூடுவதில்தான் இரண்டு வழி. கேப் பல்லைச் சுற்றிலும் தொப்பிபோல் இறங்கிக் கவ்வுகிறது. அதற்கு இடம் செய்ய எல்லாப் பக்கமும் சுமார் 1 முதல் 1.5 மி.மீ. வரை செதுக்க வேண்டும். ஆன்லே மேற்பரப்பையும் முகடுகளையும் மட்டும் மூடும். பக்கச் சுவர்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அது கவ்வுவதில்லை, ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாமே வருகின்றன.

சொத்தையும் பழைய அடைப்பும் முழுவதும் எடுத்த பிறகே அளக்க வேண்டும். எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முன்கூட்டியே சொல்லும் முடிவு பாதி ஊகம். மென்று அரைக்கும் முகடுகள் கீழ்ப்பல்லில் கன்னப்பக்கம், மேல்பல்லில் அண்ணப்பக்கம். அங்கே அடிப்பகுதியில் 3 மி.மீ.க்குக் குறையாத சுவரும், எதிர்ப்பக்கத்தில் 2 மி.மீ. சுவரும் இருந்தால் அந்த முகட்டை மூடாமல் விடலாம் என்று யோசிக்கலாம். அதற்குக் கீழே போனால் முகட்டை 1.5 முதல் 2 மி.மீ. வரை தாழ்த்தி ஆன்லேக்குள் கொண்டுவருவது நல்லது.

பலரும் தவறு செய்யும் இடம் இது: 'பல் ரொம்பப் பழுதாகிவிட்டது, அதனால் கேப்தான்.' 2 மி.மீ. சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். கேப்புக்காக அதில் 1.5 மி.மீ. செதுக்கினால் மிஞ்சுவது அரை மில்லிமீட்டர். பிறகு அந்தக் கேப் பல்லின் மேல் உட்காராது, உள்ளே நிரப்பிய அடைப்பின் மேல் உட்காரும். கேப்புக்கு ஈறோரத்தில் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உயரமும் குறைந்தது 1 மி.மீ. தடிமனும் உள்ள உண்மையான பல் வளையம் வேண்டும். அது இல்லாத பல்லில் கேப் போட்டால் சில ஆண்டுகளில் கேப்போடு பல்லும் ஈறு மட்டத்தில் முறிந்து கையோடு வரலாம். வேருக்குள் போஸ்ட் எனும் சிறு தண்டை வைத்தால் பலம் கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. உள் அடைப்பைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அது உதவும். வளையம் கிடைக்கவில்லையென்றால் ஈறையும் எலும்பையும் சற்றுத் தாழ்த்துவதா, பல்லை மேலே இழுப்பதா, எடுத்துவிடுவதா என்று பேச வேண்டியிருக்கும்.

ஆன்லேக்கு வேறொரு நிபந்தனை: ஓரம் எனாமலில் முடிய வேண்டும். பசை எனாமலில் பிடிக்கும் அளவுக்கு அதன் அடியிலுள்ள டென்டினில் பிடிக்காது. ஒரு சிறு பகுதி மட்டும் ஈறுக்குக் கீழே போயிருந்தால் காம்போசிட்டால் ஓரத்தை உயர்த்திக்கொள்ளலாம். சுற்றிலும் எனாமல் இல்லை, அல்லது எச்சில் படாமல் ரப்பர் திரை போட முடியவில்லை என்றால் ஆன்லேயை மறந்துவிட்டுக் கேப்பைப் பாருங்கள்.

வரப்பைத் தாண்டி ஓடும் விரிசல் உள்ள பல்லைச் சுற்றிக் கட்டிப்பிடிக்கக் கேப் நல்லது. ஆனால் ஈறை அளக்கும் கம்பி ஒரே இடத்தில் மட்டும் குறுகலாக, ஆழமாக இறங்கினால் விரிசல் வேருக்குள் போயிருக்கக்கூடும். அப்படியானால் இரண்டுமே வீண்செலவு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் எதைப் போட்டாலும் இரவுக் காப்புத் தட்டும் சேர்த்துப் போட வேண்டும். முன்பற்களில் துளை சிறியதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

பொருள் எது? ஆன்லேக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் வசதியானது. உட்புறத்தை அமிலத்தால் அரித்து நன்றாக ஒட்டலாம். சிர்கோனியா என்ற இன்னொரு பீங்கான் வலுவானது, ஆனால் அந்த அமிலம் அதில் ஏறாது. மணல் வீச்சும், ஒட்ட உதவும் தனிப் பூச்சான பிரைமரும் வேண்டும். கேப்பில் அந்தக் கவலை குறைவு.

ஒட்டியது ஏன் கழன்று வருகிறது? பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை, மேற்பரப்பில்தான். வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட்டின் எச்சம் பசை இறுகுவதைக் கெடுக்கும். யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) கலந்த வேர்ப்பசையின் மிச்சமும் அப்படியே. சுத்தமான டென்டின் தெரியும்வரை துடைத்து, மணல் வீசித் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும்.

காலதாமதம் இன்னொரு எதிரி. தற்காலிக அடைப்பு 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருந்தால்தான் எச்சிலைத் தடுக்கும், அதுவும் சில வாரங்களுக்குத்தான். வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும்போதுதான் பல பற்கள் நெடுக்காகப் பிளக்கின்றன. ஆன்லேயோ கேப்போ போடும்வரை அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள். முகடுகளைச் சற்றுத் தாழ்த்திவிடச் சொல்லிக் கேளுங்கள்.

பொருத்திய அன்றே நாற்காலியை விட்டு எழும்பும் முன் சோதியுங்கள். ஃப்ளாஸ் நூல் இடுக்கில் 'டிக்'கென்று இறங்க வேண்டும். நூல் பிசிறினால் ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறது. வாயை மூடும்போது அந்தப் பல் முதலில் இடித்தால் வண்ணத்தாள் வைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். 'பழகிவிடும்' என்று விடாதீர்கள். நரம்பில்லாத பல் ஓரத்தில் மறுபடி சொத்தை வந்தாலும் கூசிக் காட்டிக்கொடுக்காது. அதனால் ஆண்டுக்கொரு முறை ஓரங்களைப் பரிசோதிக்கச் செய்யுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் எடுங்கள்.