புறவழிச்சாலை கேட்டு மனு எழுதும் முன்: ஒரு சாலைத் திட்டத்தை எப்படிச் சலித்தெடுக்கிறார்கள்?

பல்லடம், கோபி, உடுமலை என்று எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "நம்மூருக்கு பைபாஸ் எப்பங்க வரும்?" மனு மேல் மனு போகும், பதில் வராது. நிதி இல்லை போலிருக்கிறது என்று நாமே முடிவு கட்டிக்கொள்வோம். ஆனால் நிதி என்ற பேச்சு வருவதற்கு முன்பே, விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கலாமா என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே, கோரிக்கைகளைச் சலிக்கிறார்கள். அந்தச் சல்லடையில் என்னென்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் நம் மனுவின் தரமே மாறிவிடும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: சாலை யாருடையது, குறை என்ன?

முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சளிலும் ஒரு சிக்கல் உண்டு. சில நீளங்களை இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் பார்க்கிறது, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலை அலகு பார்க்கிறது. இவை தவிர மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, மாநகராட்சிச் சாலை என்று தனித்தனி உரிமையாளர்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு கைமாறிக் கைமாறியே பழசாகிவிடும்.

அடுத்தது, தீர்வை எழுதாதீர்கள், குறையை எழுதுங்கள். "மேம்பாலம் வேண்டும்" என்பது தீர்வு. "காலை எட்டு மணிக்கு மேல் பனியன் கம்பெனி வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் ஒரே சந்திப்பில் சேர்கின்றன, ஆம்புலன்ஸ் ஒதுங்கக்கூட இடமில்லை" என்பது குறை. பொறியாளருக்கு இரண்டாவதுதான் வேண்டும். என்ன கட்டுவது என்பதை அவர் அப்புறம்தான் யோசிப்பார்.

படி 2: வண்டிகளை எண்ணுவது

சல்லடையின் பெரிய கண் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

நகரத்துக்கு வெளியே உள்ள சாலைகளில் போக்குவரத்துக் கணக்கெடுப்பை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாள், 24 மணி நேரமும் எடுக்க வேண்டும் என்கிறது, சாலைப் பொறியியல் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டி. ஒன்று அறுவடையும் விற்பனையும் சூடாக இருக்கும் காலம், இன்னொன்று மந்தமான காலம். நம் பக்கத்துக்கு இது மிகவும் முக்கியம். ஈரோட்டுக்கு மஞ்சள் மூட்டை வரும் மாதங்களில் எடுத்த கணக்கும் ஐப்பசி மழையில் எடுத்த கணக்கும் ஒன்றாக இருக்குமா? ஏழு நாளும் எண்ணினால்தான் புஞ்சைப் புளியம்பட்டி மாதிரி ஊர்களின் சந்தை நாள் கணக்கில் விழும்.

எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்டிவிட மாட்டார்கள். எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவார்கள். அலுவலகத்தில் இதை பி.சி.யு. என்பார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்கு பைக் 0.5, கார், ஆட்டோ 1, லாரி, பேருந்து 3, டிரெய்லர் மாட்டிய லாரியும் டிராக்டரும் 4.5. மாட்டு வண்டிக்கு 8! மெதுவாகப் போகிற வண்டி பின்னால் வருகிற அத்தனை பேரையும் இழுத்துப் பிடிக்கிறது என்பதால் அந்த எண்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. ஒரு இருவழிச் சாலையில் ஒரு நாளைக்கு:

பைக் 9,000 × 0.5 = 4,500
கார், ஆட்டோ 3,000 × 1 = 3,000
லாரி, பேருந்து 1,600 × 3 = 4,800
கரும்பு டிராக்டர், டிரெய்லர் 200 × 4.5 = 900
மொத்தம் 13,200

சமவெளியில் இருவழிச் சாலைக்கு வடிவமைப்பு அளவாக வைத்திருப்பது நாளொன்றுக்கு 15,000 பி.சி.யு. ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் மூன்றாம் ஆண்டில் 15,281 ஆகி, எல்லையைத் தாண்டிவிடும். இந்தக் கோப்பு உயிரோடு அடுத்த மேசைக்குப் போகும். இதே சாலையில் 6,000தான் வந்திருந்தால் "பிறகு பார்க்கலாம்" என்ற குறிப்போடு நின்றுவிடும்.

எண்ணிக்கை குறைவாக இருந்தும் உள்ளே நுழைய ஒரு வழி உண்டு, அது விபத்து. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் ஐந்து நடந்திருந்தாலோ, பத்து பேர் இறந்திருந்தாலோ அது கரும்புள்ளி. கரும்புள்ளியைச் சரிசெய்யும் வேலை நெரிசலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் மனுவின் முதல் பத்தியே இதுவாக இருக்க வேண்டும்.

படி 3: இதைவிடச் சின்ன வேலை போதுமா?

நாம் கோபப்படுகிற இடம் இது. நான்குவழிச் சாலை கேட்டோம், ஓரத்தை அகலப்படுத்தித் தார் போட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்போம். மேலே போட்ட கணக்கையே எடுங்கள். இருபுறமும் குறைந்தது 1.5 மீட்டர் அகலத்துக்குத் தார் போட்ட தோள்பட்டை (சாலையை ஒட்டிய ஓரப்பகுதி) அமைத்தால் சாலையின் கொள்ளளவு 15 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். 15,000 என்பது 17,250 ஆகிறது. அதே வளர்ச்சியில் அந்த எல்லையைத் தாண்ட ஆறு ஆண்டு ஆகும். யாருடைய விவசாய நிலத்தையும் எடுக்காமல் மூன்று ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. நேர்மையான சலிப்பு இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

புறவழிச்சாலைக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஊரின் இரண்டு முனையிலும் வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், என்ன சரக்கு என்று கேட்பார்கள். ஊரைத் தாண்டிப் போகிற வண்டி அதிகமென்றால்தான் புறவழிச்சாலை நெரிசலைக் குறைக்கும். ஊருக்குள் இருக்கிற மில்லுக்கும் மண்டிக்கும் வருகிற வண்டி எந்தப் புறவழி போட்டாலும் ஊருக்குள்தான் வரும். அங்கே தேவைப்படுவது ஒருவழிப் பாதையாகவோ லாரிப்பேட்டையாகவோ இருக்கலாம்.

ரயில்வே கேட்டுக்குத் தனிக் கணக்கு: நாளொன்றுக்குப் போகிற ரயில்களை, கடக்கிற வாகன அலகுகளால் (வண்டிகளை வகைக்கேற்ப மாற்றிய எண்) பெருக்க வேண்டும். ஒரு லட்சத்தைத் தொட்டால், ரயில்வேயும் மாநிலமும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டத் தகுதி வருகிறது. 60 ரயில், 1,700 வாகன அலகு என்றால் 1,02,000. தாண்டியாச்சு.

படி 4: நிலம், தண்ணீர், காடு

புல வரைபடத்தில் சாலைக்கு எத்தனை மீட்டர் இருக்கிறது, தரையில் எத்தனை மீட்டர் மிச்சம் என்று ஒப்பிடுவார்கள். பற்றாவிட்டால் நில எடுப்பு. கிணறு, தென்னை, வீடு எல்லாவற்றுக்கும் மதிப்பு போட வேண்டும். கீழ்பவானி வாய்க்காலையோ பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்காலையோ கடந்தால் நீர்வளத் துறையிடம் போக வேண்டும். சாலையோரப் புளியமரங்களை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழு. சத்தியமங்கலம், ஆனைமலை பக்கம் என்றால் வனத்துறை, புலிகள் காப்பகம், யானை வழித்தடம் என்று தனி உலகம்.

இதையெல்லாம் தொடக்கத்திலேயே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சேலம் எட்டுவழிச் சாலையைப் பார்த்துவிட்டோம். நில எடுப்பு அறிவிக்கைகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முதற்கட்ட அறிவிக்கை செல்லும் என்றது. நடுவில் அந்த விவசாயிகள் பட்ட பாடு எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் ஏறவில்லை. கல் நடும் முன்பே அவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

படி 5: போட்ட பணம் திரும்புமா?

சுங்க வசூலை இங்கே சொல்லவில்லை. மிச்சமாகும் டீசல், நேரம், குறையும் விபத்து இவற்றை ரூபாயாக்கி, செலவோடு ஒப்பிட்டு ஒரு வருவாய் வீதம் எடுப்பார்கள். மெட்ரோவுக்கு 2017 மெட்ரோ ரயில் கொள்கை கேட்பது 14 சதவீதம்.

மெட்ரோ என்றதும் கோவை நினைவுக்கு வரும். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவைத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியபோது முக்கியமாகச் சுட்டியது மக்கள்தொகையை. 20 லட்சம் வேண்டும், 2011 கணக்கெடுப்பில் இருந்ததோ சுமார் 15.84 லட்சம். திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள் அந்த எண்ணில் இல்லை. பழைய எண்ணை வைத்துச் சலித்தால் நல்ல திட்டமும் கீழே விழும் என்பது என் கருத்து.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போகும் முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இப்படிக் கேளுங்கள்: "இந்தச் சாலையில் கடைசியாக எடுத்த இரண்டு போக்குவரத்துக் கணக்கெடுப்புகளின் தேதி, நாள்வாரி எண்ணிக்கை, பி.சி.யு. மொத்தம் ஆகியவற்றின் நகல் வேண்டும். இச்சாலைக்குச் சாத்தியக்கூறு அறிக்கை தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் நகலும் வேண்டும்." விபத்து விவரத்துக்குக் காவல்துறைக்குத் தனி மனு. கணக்கெடுப்பு மந்தமான மாதத்தில் மட்டும் நடந்திருந்தால், உங்கள் கோரிக்கையின் முதல் வரி மறு கணக்கெடுப்பு கேட்பதாக இருக்கட்டும்.