பெரிதாக வரைந்து சிறிதாக ஒட்டாதீர்கள்: வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பரிமாண வட்டப்படம் போடாதீர்கள், அச்சுகளுக்குப் பெயர் வையுங்கள், அலகை மறக்காதீர்கள். இவற்றை எந்தப் பாடநூலும் சொல்லும் என்பதால் விட்டுவிடுகிறேன். ஆய்வு மாணவர்களின் வரைபடங்களைத் திருத்தித் தரும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை வேறு ரகம். பழகும் காலத்தில் நானும் செய்தவைதான் பெரும்பாலும். மென்பொருள் எச்சரிக்காது, திரையிலும் படம் அழகாகவே இருக்கும். அச்சுக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும்.

பெரிதாக வரைந்து சிறிதாக ஒட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். திரையில் தாராளமாகத் தெரியட்டும் என்று 16 அங்குல அகலத்தில் படத்தை வரைகிறார்கள். பிறகு அதை ஆய்விதழின் ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் திணிக்கிறார்கள். நேச்சர் இதழில் அந்த அகலம் 89 மில்லிமீட்டர், அதாவது சுமார் 3.5 அங்குலம். பைத்தானில் படம் வரையப் பயன்படும் மேட்பிளாட்லிப்பில் இயல்பான எழுத்தளவு 10 பாயின்ட். 16 அங்குலம் 3.5 ஆகும்போது அந்த எழுத்து 2.2 பாயின்டாகக் குறுகும். 1.5 பாயின்ட் தடிமனுள்ள கோடு 0.33 ஆகி மயிரிழையாகிவிடும். எதையும் மாற்றாமல் இயல்பான 6.4 அங்குலத்தில் வரைந்தால்கூட எழுத்து 5.5 பாயின்டுக்கு இறங்கிவிடும்.

இதைவிடக் கொடுமை, அதைத் திருத்தும் விதம். படத்தின் அச்சுகளில் உள்ள எண்களைப் படிக்க முடியவில்லை என்று மதிப்பீட்டாளர் ஒரு மாணவருக்குக் குறிப்பு எழுதியிருந்தார். மாணவர் டிபிஐ அளவை 300இலிருந்து 600ஆக உயர்த்தி அதே படத்தை அனுப்பினார். அதே குறிப்பு திரும்பி வந்தது. 1200 ஆக்கினார். கோப்பு மின்னஞ்சலில் போக மறுத்தது. எழுத்தோ அதே 2 பாயின்ட் சொச்சத்தில், மிகமிகத் துல்லியமாக, யாராலும் படிக்க முடியாதபடி இருந்தது. என்னிடம் வந்து சேர்வதற்குள் திருத்தப் பிரதிக்கான கெடு கடந்துபோயிருந்தது.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு, அவ்வளவுதான். பாயின்ட் என்பது அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. படத்தின் அகலத்தை எத்தனை அங்குலம் என்று சொல்லும்போதே எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள விகிதம் முடிவாகிவிடுகிறது. டிபிஐயை எவ்வளவு ஏற்றினாலும் அந்த விகிதம் அசையாது. எனவே முதலில் படம் எந்த அகலத்தில் அச்சாகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படத்தின் அளவைச் சொல்லும் ஃபிக்சைஸில் (figsize) அதே அகலத்தைக் கொடுங்கள். எழுத்தை 7 அல்லது 8 பாயின்டில் வையுங்கள். பிறகு பிடிஎஃப் கோப்பை 100 சதவீத அளவில் திறந்து பாருங்கள். திரை முழுக்க விரித்துப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மேட்பிளாட்லிப்பில் சேமிக்கும்போது பிபாக்ஸ் இஞ்சஸ் (bbox_inches) என்ற அமைப்புக்கு ‘டைட்’ (tight) கொடுப்பது. அது சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிடும், ஓரம் தாண்டி நிற்கும் லெஜண்டை, அதாவது எந்தக் கோடு எது என்று சொல்லும் பெட்டியை, உள்ளே சேர்த்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட 3.5 அங்குலம் ஒரு படத்தில் 3.3 ஆகும், இன்னொன்றில் 4.1 ஆகும். எல்லாப் படங்களையும் பத்தி அகலத்துக்குப் பொருத்து என்று, கட்டுரையைப் பக்கமாக்கும் லேடெக்ஸிடம் சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு விகிதத்தில் நீண்டும் குறுகியும், ஒரே பக்கத்தில் நான்கு எழுத்தளவுகள் வந்து நிற்கும். ஓரம் வெட்டுப்படுவதுதான் கவலை என்றால் மேட்பிளாட்லிப்பின் கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டைப் (constrained layout) பயன்படுத்துங்கள். அது வெளி அளவைத் தொடாமல் உள்ளே இடத்தைப் பங்கிடும்.

ஆர் நிரல்மொழிக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவுக்கு (ggsave) அகலமும் உயரமும் கொடுக்காவிட்டால், அப்போது திறந்திருக்கும் வரைசாளரத்தின் அளவை அது எடுத்துக்கொள்ளும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல், சாளரத்தை இழுத்த இழுப்புக்கு ஏற்ப எழுத்தின் விகிதம் மாறும்.

எக்செல்லில் லைன் சார்ட்

1, 2, 5, 10, 50 என்ற செறிவுகளைக் கிடை அச்சில் வைத்து லைன் சார்ட் போட்டால், எக்செல் அவற்றை எண்களாகவே மதிக்காது. தேதிகள் நீங்கலாக எல்லாவற்றையும் பெயர்ப்பலகைகளாக நினைத்து, சம இடைவெளியில் வரிசையாக நிறுத்தும். வளைவின் வடிவமே பொய்யாகிவிடும். எண்ணுக்கு எதிராக எண் என்றால் ஸ்கேட்டர் சார்ட்தான்.

இரண்டு செங்குத்து அச்சுகள்

இரண்டு படங்களாகப் போடுங்கள்.

வானவில் நிறங்கள்

மதிப்புகளை வானவில் நிறங்களால் காட்டும் ஜெட் நிறவரிசையை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அதன் வெளிர்மை சீராக ஏறுவதில்லை. தரவில் எந்தத் திருப்பமும் இல்லாத இடத்தில் மஞ்சளும் வெளிர்நீலமும் பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் உச்ச மதிப்பும் தாழ்ந்த மதிப்பும் கிட்டத்தட்ட ஒரே கருமையில் விழும். இயல்பு நிறவரிசையை ஜெட்டிலிருந்து மேட்லேப் 2014இல் பருலாவுக்கும், மேட்பிளாட்லிப் 2017இல் விரிடிஸுக்கும் மாற்றியாகிவிட்டது. வலியப் போய் ஜெட்டைத் திரும்ப அழைத்துவருவதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

லெஜண்ட்

இரண்டு மூன்று கோடுகளுக்குப் பெட்டி எதற்கு? கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள்.

மவுஸால் நகர்த்தி அழகுபடுத்துவது

தரவில் ஒரு வரி மாறினால் அத்தனையையும் மறுபடி நகர்த்த வேண்டும். எழுத்தளவு, கோட்டுத் தடிமன், நிறம் எல்லாவற்றையும் ஒரு ஸ்டைல் கோப்பில் எழுதி, எல்லாப் படங்களும் அதையே படிக்கும்படி செய்யுங்கள்.

தமிழில் அச்சுப் பெயர்கள்

மேட்பிளாட்லிப்புடன் வரும் டேஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று பலர் அனுப்பிவிடுகிறார்கள். ‘வெப்பநிலை’யை உற்றுப் பாருங்கள். எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத பதிப்புகளில், யூனிகோடில் உள்ள வரிசைப்படியே கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கும். படத்தை எஸ்விஜியாகச் சேமித்து, எஸ்விஜி ஃபான்ட்டைப் (svg.fonttype) என்ற அமைப்பை ‘நன்’ (none) என்று வைத்தால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருக்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும், அங்கிருந்தே பிடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணினியிலும் அதே எழுத்துரு இருக்க வேண்டும். நீளமான பெயர்கள் ஓரத்தில் இடிக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இடத்தை ஒதுக்கியது மேட்பிளாட்லிப்பின் பழைய கணக்கு.