மீன் ஏலம் தெரியாமல் டவரைத் தூங்க வைக்காதீர்கள்

செல்போன் டவரின் கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டுமா? ராத்திரி இரண்டு மணிக்கு டவர் இருக்கும் சைட்டுக்குப் போய், கருவிகள் இழுக்கும் கரண்டைக் காட்டும் டி.சி. மீட்டரைப் பாருங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைகள் எல்லாம் மூடிய பிறகும் ஆம்பியர் பெரிதாக இறங்கியிருக்காது. டவர் ரேடியோவில் சிக்னலைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர், சவாரி இல்லாமலே ஸ்டார்ட்டில் நிற்கும் ஆட்டோ மாதிரி, சும்மா இருந்தாலும் குடிக்கும்.

ஒரே செக்டரில், அதாவது டவர் ஒரு திசையில் பார்க்கும் பகுதியில், நாலு பேண்ட் (அலைவரிசை) ஓடினால், கூட்டம் குறையும்போது 2300, 2100 மெகாஹெர்ட்ஸ் இரண்டையும் முதலில் அணைத்துத் தூங்க விடுங்கள். அப்புறம் 1800. 900-ஐ மட்டும் தொடாதீர்கள். தூரத்துக்கும் சுவர் தாண்டியும் போவது அதுதான்.

எந்த நேரத்தில் என்பதில்தான் நான் சொதப்பினேன். வண்ணாரப்பேட்டைக்கு வைத்த ராத்திரி 12 முதல் காலை 5 வரையிலான அட்டவணையை அப்படியே மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுக்கும் போட்டுவிட்டேன். அங்கே விடிவதற்கு முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். "இன்னா தம்பி, வெல கேக்க லைனே கெடைக்கல" என்று மீன்கார அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். நியாயம்தானே!

இப்போது இரண்டு வாரத்து டிராஃபிக்கை மணிவாரியாக, செக்டர் செக்டராக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குத் தனிக் கணக்கு. கடிகாரத்தை மட்டும் நம்பாமல் லோடு அளவையும் சேர்த்து வைக்கிறேன்: 10 சதவீதத்துக்குக் கீழே கால் மணி நேரம் இருந்தால் தூங்கலாம், விழித்திருக்கும் பேண்ட் 40 சதவீதத்தைத் தொட்டால் தூங்குவது எழ வேண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேண்ட் தூங்குவதும் எழுவதுமாகவே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்கால 61 நாளுக்கு வேறு அட்டவணை. விசைப்படகு போகாத அந்த நாட்களில் துறைமுகப் பக்க செக்டரைக் கூடுதல் நேரம் தூங்க விடலாம்.

அடுத்து ஏ.சி. எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்து டவர் கருவி அறைகளில் கன்டெய்னர் லாரிப் புழுதி ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். செட்டிங்கை ஏற்றலாம், ஆனால் உள்ளே ஈய அமில பேட்டரி இருந்தால் 25 டிகிரியை ஒட்டியே வையுங்கள். அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகிவிடும். லித்தியம் என்றால் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

ரேடியோவை ஆன்டெனாவோடு இணைக்கும் ஜம்பர் கேபிளின் கனெக்டரையும் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்துவிடும். வழியில் 3 டெசிபல் போனாலே பாதி பவர் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேராது. கழற்றித் துடைத்து, டேப் சுற்றி, பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் வி.எஸ்.டபிள்யூ.ஆர். அளந்துவிட்டே கீழே இறங்குங்கள்.