தட்டைத் தள்ளும் பிள்ளையிடம் செய்யக் கூடாதவை

முதல் ஆண்டில் பிள்ளையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல் மூன்று மடங்காகிறது. அதன்பின் ஆண்டுக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்தான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். புதிய உணவைக் கண்டால் முகம் சுளிக்கும் வயதும் அதுதான். நேற்று வரை கிண்ணத்தைக் காலி செய்தவனுக்கு என்ன வந்தது என்று கோலாலம்பூர் செந்தூல் பக்கத்துப் பாட்டிகள் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. கெடுதலெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுவதற்காகத் திறந்த வாயில் ஒரு கவளத்தைத் திணிக்கிறோம். பிள்ளை விம்மி மூச்சை இழுக்கும்போது சோறு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். போகாவிட்டாலும் அடுத்த வேளை தட்டைப் பார்த்தாலே ஓடும். கைத்தொலைபேசியில் காணொளியை ஓடவிட்டு ஊட்டுவதில் சண்டை இல்லை, வயிறும் நிறைகிறது. ஆனால் என்ன தின்றோம் என்றே தெரியாத பிள்ளை அந்த உணவோடு எப்படிப் பழகும்? “காய் தின்றால் ஐஸ்கிரீம்” என்ற பேரமும் வேண்டாம். காய் என்பது தண்டனை என்று நாமே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, எல்லா மறுப்பையும் அடம் என்ற ஒரே கணக்கில் எழுதுவது. சில பிள்ளைகளுக்கு நாக்கும் மூக்கும் விரல் நுனியும் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம்; இல்லாதவர்களிடமும் உண்டு. நம் சாம்பார் சோற்றை அப்படியொரு வாயால் தின்று பாருங்கள். குழைந்த சோற்றின் நடுவே முருங்கைக்காய் நார், வழுக்கும் கத்தரிக்காய்த் தோல், பல்லில் நெறுநெறுக்கும் கடுகு, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் கறிவேப்பிலை. ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி. பாக்கெட் பிஸ்கட்டோ முதல் கடியும் கடைசிக் கடியும் ஒன்றுபோலவே இருக்கும், நேற்றும் இன்றும் அப்படியே இருக்கும். வெள்ளைச் சோறு, நக்கெட், பிஸ்கட் என்று அந்தப் பிள்ளை சுற்றிச் சுற்றி வருவது அவை ஏமாற்றாது என்ற நம்பிக்கையில்தான். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடையில் குழம்பு வழிந்து அப்பளத்தைத் தொட்டதும் வீறிட்டு அழுதால், அதட்டுவதற்கு முன் இதை நினையுங்கள்.

அதனால்தான் உணவை ஒளித்து ஊட்டுவது வினையாகிறது. தோசை மட்டும் தின்னும் பிள்ளைக்குக் கீரையை அரைத்து மாவில் கலக்கிறோம். வாய் கண்டுபிடித்துவிடுகிறது. கீரையும் உள்ளே போகவில்லை, தோசையும் கையைவிட்டுப் போயிற்று. தின்பதே பத்து வகை என்றிருக்கும் வீட்டில் இது சின்ன நட்டமா? கீரையைத் தனிக் கிண்ணத்தில், தெரியும்படி, துளியளவு வையுங்கள். பக்கத்தில் வழக்கமான தோசை இருக்கட்டும். அன்றைக்குத் தொட்டாலும் முகர்ந்தாலும் போதும். சாதாரணப் பிள்ளைக்கே ஓர் உணவு பழக 8 முதல் 15 தடவை ஆகலாம். நாமோ மூன்றாம் தடவையிலேயே “இவனுக்கு ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

“பசித்தால் தானாகத் தின்பான், விடும்மா” என்பார் தாத்தா. வெறும் அடத்துக்கு அது நல்ல மருந்து. புலன் சிக்கல் உள்ள பிள்ளை பட்டினி கிடக்குமே தவிர அந்தக் கவளத்தை விழுங்காது. இப்படிக் கடுமையாக உணவைத் தவிர்ப்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் ‘ஆர்ஃபிட்’ என்ற தனிக் கோளாறாகவே பட்டியலில் சேர்த்தது.

சோறு இறங்காத கவலையில் பாலையும் மைலோவையும் ஊற்றி ஊற்றிக் கொடுப்பதும் வேண்டாம். பால் நாளுக்கு அரை லிட்டரை வெகுவாகத் தாண்டினால் பசி செத்துவிடும். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகையும் வரலாம். இரத்தசோகை இருக்கிற பசியையும் கெடுக்கும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் “இன்னும் முறுக்குக்கூடத் தின்ன மாட்டானா?” என்று கூட்டத்தின் நடுவே கேட்கும் அத்தைக்குச் சிரித்துப் பேச்சை மாற்றுங்கள். பிள்ளைக்குப் பழகிய உணவைப் பையில் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடை கூடாமல் நிற்பது, தின்னும்போது அடிக்கடி இருமுவது, குமட்டுவது, முன்பு தின்ற வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோவது, ஒரு வயது தாண்டியும் மசித்த உணவைத் தவிர வேறெதுவும் இறங்காதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் “வளர்ந்தால் சரியாகும்” என்று காத்திருக்காதீர்கள். மலேசிய அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து குழந்தை மருத்துவரிடமோ, உணவுப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ, விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணரிடமோ அனுப்பக் கடிதம் கேளுங்கள். போகும்போது சுகாதாரப் பதிவுப் புத்தகத்தோடு, பிள்ளை தின்னும் உணவுகளின் பட்டியலையும், ஒருவேளைச் சாப்பாட்டைப் படம்பிடித்த சிறு காணொளியையும் கொண்டு போங்கள். பிஸ்கட் என்று மட்டும் எழுதாமல், எந்தப் பிராண்டு, எந்த வடிவம் என்பது வரை எழுதுங்கள். அதிலிருந்துதான் அடுத்த உணவைத் தேர்ந்தெடுப்பார்கள்.