இரும்பு-55 உச்சம் நகர்ந்துகொண்டே இருந்தது

ஆர்கான் 70, கார்பன் டை ஆக்சைடு 30 சதவீதக் கலவை ஓடும் ஜெம் டிடெக்டர்; நுண்துளைத் தகடுகளில் எலக்ட்ரான்களைப் பெருக்கிக் கதிர்வீச்சை அளக்கும் வாயுக் கருவி. இரும்பு-55 என்ற கதிரியக்க மூலம் தரும் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-கதிரின் உச்சம், அளவீட்டு வரைபடத்தில் காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம். உயர் மின்னழுத்தமோ அசையவே இல்லை.

சரி என்று அறையின் காற்றழுத்தத்தையும் வெப்பநிலையையும் கூடவே பதிந்தேன். வாயு வெளியே திறந்து போவதால், வெளியழுத்தம் குறைந்தால் உள்ளே அடர்த்தியும் குறையும். எலக்ட்ரான் இரு மோதல்களுக்கு நடுவே அதிக ஆற்றல் பெறும், பெருக்கம் எகிறும். கெல்வின் வெப்பநிலையை அழுத்தத்தால் வகுத்து, அதற்கு எதிரே பெருக்கத்தின் மடக்கையை வரைந்தேன். கிட்டத்தட்ட நேர்கோடு! அந்தச் சாய்வை வைத்துத் திருத்தியதும் நகர்வு பெரும்பாலும் அடங்கியது.

உச்சத்தின் அகலம் மட்டும் குறையவில்லை. சந்தேகம் பிளாஸ்டிக் குழாய் மேல். அதன் வழியே ஈரமும் ஆக்சிஜனும் கசியும், ஆக்சிஜன் எலக்ட்ரான்களை விழுங்கும். எஃகுக் குழாய்க்கு மாற்றினேன். உச்சம் குறுகியது; 3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே ஆர்கானின் தப்பிப்பு உச்சமும் (ஆர்கான் அணு உமிழும் எக்ஸ்-கதிர் வெளியே தப்பிவிட, மீதி ஆற்றல் மட்டும் பதிவாகும் சிறு உச்சம்) தனியாகத் தெரிந்தது.