பந்தா நடிகரைக் கலாய்க்கும்போது செய்யக் கூடாதவை

பல நாடகக் குழுக்களில் இப்படி ஒருவர் இருப்பார். ஒப்பனை அறைக் கண்ணாடியில் முக்கால்வாசி அவருக்குத்தான். கைதட்டல் விழுந்தால் தன்னால், சொதப்பினால் எதிரே நின்றவரால். ஒரு நாளாவது அவரைக் கலாய்த்துவிட வேண்டும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் துடிப்பது புரிகிறது. ஆனால் முன்னால் வந்தவர்கள் வழுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் வழுக்குகிறார்கள். கத்தி, தீ, ஏணி, மின்சாரம் பக்கம் போகக் கூடாது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

காட்சி நாளில் கடிதத்தை மாற்றுவது

மேடையில் படிக்கும் கடிதத்தைப் பலர் மனப்பாடம் செய்வதில்லை. வசனத்தைத் தாளிலேயே எழுதி வைத்துக்கொள்வார்கள். வெற்றுத்தாளை வைத்துவிடலாம் என்ற ஆசை முதலில் வருவது அதனால்தான்.

மேடையில் என்ன நடக்கும்? உறையைப் பிரிக்கிறார். தாளை விரிக்கிறார். கண் அப்படியே நிற்கிறது. பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறார். நாலைந்து விநாடி மௌனம். பக்கத் திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கோ, பாவம், வசனத்தை மறந்துவிட்டார் என்று மட்டும்தான் தெரியும்.

சேதம் அவரோடு நிற்காது. கடிதத்தின் கடைசி வரி ‘இன்றிரவே வருகிறேன்’ என்று வைத்துக்கொள்வோம். அது காதில் விழுந்தால்தான் லைட் ஆபரேட்டர் விளக்கை மங்கவிடுவார். வேலைக்காரர் வேடம் போட்டவர் கதவருகே காத்திருப்பதும் அதற்காகத்தான். வரி வரவில்லை, விளக்கு மாறவில்லை, கதவு திறக்கவில்லை. அவரும் எதிரே நிற்பவரும் வாயில் வந்ததைச் சொல்லிக் காட்சியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடிதத்தில் இருந்த செய்தி போய்ச் சேராததால் அடுத்த காட்சியும் பார்வையாளருக்குப் புரியாது. திரை விழுந்ததும் பந்தாக்காரர், “நான் இல்லேன்னா இன்னைக்கு நாடகமே கவிழ்ந்திருக்கும்” என்பார். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். டிக்கெட் வாங்கி வந்தவர்களை உள்சண்டைக்குப் பலியாக்குவதை எத்தனை முறை பார்த்தாலும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செய்தே தீர வேண்டுமென்றால் ஒத்திகையில் செய்யுங்கள். அதுவும் விளக்கு, ஒலி, உடை எல்லாம் சேர்த்துப் பார்க்கும் கடைசி ஒத்திகையில் வேண்டாம். அது தொழில்நுட்பக்காரர்களின் நேரம். அதற்கு முந்தைய வாரம் சரியாக இருக்கும். உறைக்குள் இரண்டு தாள்: மேலே குறும்பு, அடியில் அசல். இரண்டையும் சேர்த்தே மடியுங்கள். அசல் தேடாமல் கையில் வர வேண்டும். ஸ்டேஜ் மேனேஜருக்கும் எதிரே நிற்பவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் மேல் தாளைக் கிழித்துப் போடுங்கள். உறைக்குள் விட்டுவிட்டால் காட்சி நாளில் அதுவே மேடைக்குப் போகும்.

பெட்டியில் கனம் ஏற்றுவது

மேடையில் காலிப் பெட்டியைத் தூக்கிப் பழகிய கை அதே வேகத்தில்தான் தூக்கும். உள்ளே பத்து கிலோ இருந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

குடிக்கும் தண்ணீர், ஒப்பனைப் பெட்டி, மீசை ஒட்டும் பசை

தொடவே கூடாது.

பழக்கத்தை விட்டுவிட்டு ஆளைக் குத்துவது

வழுக்கை, வயது, குரல், கைநழுவிப் போன வேடம் இவற்றையெல்லாம் விட்டுவிடுங்கள். அவர் தினமும் ஆசையாகச் செய்வதைத் தொடுங்கள். கண்ணாடியை விட்டு நகராதவரா? அவருடைய படத்தையே முப்பது பிரதி எடுத்து, முகம் பார்க்க ஒரு சாண் இடம்கூட விடாமல் ஒட்டுங்கள். பெயின்டர்கள் ஓரத்தில் ஒட்டும் காகித டேப் போதும். இருபக்க டேப் பிசினை விட்டுவிட்டுப் போகும். அதைச் சுரண்டும் வேலை உதவியாளர் தலையில் விழும். இதுவும் ஒத்திகை நாளில், ஒப்பனைக்கு ஒரு மணி நேரமாவது மீதமிருக்கும்போது. பந்தாக்காரர்கள்கூட இதற்குச் சிரித்துவிடுவதுண்டு.

குழுவே சேர்ந்து செய்வது

யாருக்கும் பிடிக்காத ஆளிடம் பத்துப் பேர் சேர்ந்து விளையாடினால் அது பழிவாங்கலாகத்தான் அவருக்குப் படும். இரண்டு பேர் போதும். அவரோடு சாதாரண நாளிலும் முகம் பார்த்துப் பேசுகிற இருவராக இருக்கட்டும்.

செய்தவர் யார் என்று மறைப்பது

ஆள் தெரியாவிட்டால் அவர் சந்தேகம் முதலில் போவது உடை எடுத்துக் கொடுக்கும் பையன்மேல். திருப்பிப் பேச முடியாத அவன்தான் திட்டு வாங்குவான். அதனால் பத்து நிமிடத்துக்குள் போய், “அண்ணே, நான்தான் வெச்சேன்” என்று சொல்லிவிடுங்கள். அவர் சத்தம் போட்டால், போட்டு முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.