மெரினாவில் கட்டி நிறுத்திய படகுக்கும் லைசென்ஸ் வேண்டும்: இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாசம் பொறந்தா மெரினாவுக்கு வாடகை கட்டுறேன். கரண்டுக்குக் கட்டுறேன். தண்ணிக்கும் சேர்த்துத்தான் கட்டுறேன். இன்னும் யாருக்கு என்ன பாக்கி?"

படகின் மேல் ஒட்டியிருந்த நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இது. ஏமாற்ற நினைக்கும் ஆள் இல்லை அவர். பாக்கி எதையும் தள்ளிப்போடுகிறவரும் இல்லை. ஆனாலும் அவர் படகுக்கு ஏழு மாதமாக லைசென்ஸ் கிடையாது.

மெரினா என்றால் நமக்குச் சென்னைக் கடற்கரைதான் கண்முன் வரும். இங்கே நான் சொல்வது வேறு. இங்கிலாந்தின் கால்வாய்களை ஒட்டிக் குளம் போல வெட்டி, அதற்குள் மிதவை மேடைகள் போட்டு, வரிசையாகப் படகுகளைக் கட்டி வைக்கும் இடத்துக்கு மெரினா என்று பெயர். பெரும்பாலும் தனியார் நடத்துவது. அங்கே நிற்பவற்றில் அதிகமானவை நேரோபோட் எனப்படும் ஒடுங்கிய நீளப் படகுகள். நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் ஏழடி அகல லாக்குகளுக்குள் (கதவு போட்ட தொட்டிகள்) நுழைய வேண்டும் என்பதால் அகலம் ஏழடியைத் தொடாது, நீளம் மட்டும் எழுபதடி வரை போகும். லண்டன் வீட்டு வாடகை தாங்காமல் படகில் குடியேறும் இளைஞர்களும், ஓய்வு பெற்ற பிறகு நிம்மதியாக இருக்க வருகிறவர்களும் இவற்றில் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் இந்தப் பக்கம் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் வேரான தவறு, அந்த நண்பர் செய்ததுதான். மெரினாவுக்குக் கொடுக்கும் வாடகை படகைக் கட்டும் இடத்துக்கானது. படகைத் தண்ணீரில் வைத்திருக்கவும் ஓட்டவும் வாங்கும் அனுமதியான லைசென்ஸ் வேறு, அதைக் கொடுப்பவரும் வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சுமார் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் பராமரிப்பது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு நிறுவனத்திடமிருந்து 2012 ஜூலையில் இந்தப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது. லைசென்ஸ் கட்டணம் போய்ச் சேருவது அங்கேதான்.

"மெரினா தனியார் நிலம்தானே, டிரஸ்டுக்கு அங்கே என்ன வேலை?" என்று அடுத்துக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மெரினாவின் வாயைக் கால்வாயோடு திறந்துவிட வேண்டுமானால், அதன் உரிமையாளர் டிரஸ்டோடு ஓர் இணைப்பு ஒப்பந்தம் போட வேண்டும். தன் இடத்தில் கட்டும் படகுகளுக்கெல்லாம் செல்லுபடியான லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் வரும் நிபந்தனை. அதனால்தான் வருடம் முழுக்க இன்ஜினையே தொடாமல், வார இறுதியில் டீ குடிக்க மட்டும் போய் உட்காரும் படகுக்கும் லைசென்ஸ் கேட்கிறார்கள். ஒப்பந்த முறை வருவதற்கு முன்பே இருந்த சில பழைய மெரினாக்களுக்கு வேறு ஏற்பாடு இருக்கலாம். "இங்கே லைசென்ஸ் தேவையில்லை" என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மெரினா அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாலும் குழப்பம் வருகிறது. பிரிட்டனில் ஓட்டாத காரைச் சாலையில் எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டு வரி கட்டாமல் வீட்டிலேயே நிறுத்தி வைக்கலாம். தண்ணீரில் நிற்கும் படகுக்கு அப்படி ஒரு வழி இல்லை. கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் வைத்தால்தான் கணக்கு மாறும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்துக்குத் தார் பூசப் படகைத் தூக்குவார்கள். வேலை முடிந்து மறுபடி தண்ணீரில் இறக்கும் நாளன்று லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இறக்கியவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகள் குறையும். டிரஸ்டின் ஆட்கள் கையில் ஒரு கருவியோடு கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே படகுகளின் எண்களைப் பதிவு செய்வார்கள். மெரினாக்களிலும் அப்படித்தான். படகுக்குள் ஏற மாட்டார்கள். அவர்கள் போலீசும் அல்ல. பார்ப்பது படகின் எண்ணை. அந்த எண்ணுக்கு லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அலுவலகப் பதிவேடு சொல்லிவிடும். நீங்கள் நல்லவரா, பணம் கட்டும் எண்ணம் உள்ளவரா என்பதெல்லாம் அதில் தெரியாது. சோதனைக்கு வந்தவரிடம் சண்டை போடுவதில் ஒரு பயனும் இல்லை. பேச வேண்டியது அலுவலகத்தோடு.

எண் கண்ணில் படாமல் இருப்பதும் ஒரு தவறுதான், மெரினாவில் இது அதிகம். கால்வாய்க் கரையில் கட்டினால் படகின் பக்கவாட்டு முழுவதும் தெரியும். மெரினாவில் படகுகள் நெருக்கியடித்து நிற்கும், மேடையிலிருந்து பார்த்தால் மூக்கு மட்டும் தெரியும். இரண்டு பக்கமும் எண் எழுதியிருந்தாலும் பக்கத்துப் படகு மறைத்துவிடும். மழைக்காக மேலே போர்த்திய தார்ப்பாயும் மறைக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்துவிட்டுப் பெயரையும் எண்ணையும் திரும்ப எழுத மறந்தவர்கள் ஏராளம். லைசென்ஸ் தாளை அச்செடுத்து இரண்டு பக்க ஜன்னலிலும் ஒட்டுங்கள். அதோடு, மேடையிலிருந்து பார்க்கும்போது எந்த ஜன்னல் கண்ணில் படுகிறதோ அதிலும் எண்ணை எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

பழைய படகு வாங்குகிறவர்கள் விழும் குழி இனி. இதில் நானும் விழுந்தேன். நான் வாங்கிய நேரோபோட்டின் ஜன்னலில் இன்னும் பத்து மாதம் செல்லக்கூடிய லைசென்ஸ் ஒட்டியிருந்தது. படகோடு அதுவும் எனக்குத்தான் என்று நினைத்தேன். விற்றவரும் அப்படித்தான் நினைத்தார். லைசென்ஸ் கொடுக்கப்படுவது ஆளுக்கு, கைமாறாது. படகு விற்ற நாளோடு அது எனக்குச் செல்லாது. புதிய உரிமையாளர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும், இன்சூரன்சும் அப்படியே. படகோடு கூடவே வருவது பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும்தான். விற்றவரும் சும்மா இருக்கக் கூடாது. படகை விற்றுவிட்டேன், வாங்கியவர் இன்னார் என்று டிரஸ்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்கிக் கடிதமெல்லாம் அவர் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

லைசென்சுக்கு அடிப்படை 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம். அதன் 17ஆவது பிரிவு மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: படகு பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும், இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், நிலையாகக் கட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். அப்படி இடம் இல்லாதவர் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும், பொதுவாக ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது.

இந்த மூன்றும் லைசென்ஸ் எடுக்கும் நாளில் மட்டும் இருந்தால் போதாது, காலம் முழுவதும் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பாதுகாப்புச் சான்றிதழ் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. கேஸ் குழாய், மின்கம்பி, எரிபொருள் தொட்டி, தீயணைப்புக் கருவி எல்லாவற்றையும் பரிசோதகர் வந்து பார்ப்பார். ஆட்கள் தங்கும் வசதியுள்ள படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரலிலிருந்து சேர்ந்த விதி. இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு விறகடுப்பு எரியும் அந்தச் சின்ன அறையில், மணமே இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். சான்றிதழ் நவம்பரில் முடிகிறதென்றால் பரிசோதகரைச் செப்டம்பரிலேயே கூப்பிடுங்கள். ஏதாவது குறை சொன்னால் சரிசெய்ய நேரம் வேண்டுமே. இன்சூரன்சிலும் இதே கதைதான். பழைய படகென்றால் அடித்தகட்டைச் சோதித்த அறிக்கை கொண்டுவா என்று நிறுவனம் கேட்கும். அதற்குப் படகைத் தூக்க வேண்டும், தூக்க முன்பதிவு வேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது.

நிலையான இடம் என்று கொடுத்த விவரம் பழையதாகிவிடுவதும் உண்டு. மெரினாவை விட்டுக் கிளம்பியவர் டிரஸ்டிடம் சொல்வதில்லை. பதிவேட்டில் படகு மெரினாவில் இருக்கிறது, கண்ணில் படுவதோ இருபது மைல் தள்ளிக் கரையோரத்தில். 2024 ஏப்ரலிலிருந்து இது பணத்தையும் தொடும் விஷயமாகிவிட்டது. நிலையான இடம் இல்லாத படகுகளுக்கு 5 சதவீதக் கூடுதல் கட்டணம் அப்போது தொடங்கியது, 2028இல் அது 25 சதவீதம் ஆகும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஊர் ஊராக நகர்ந்து வாழும் ஏழைப் படகுக்காரர்கள் மேல் இந்தச் சுமையை வைத்தது சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதற்காக இல்லாத மெரினா இடத்தை இருப்பதாக எழுதிக் கொடுத்தால், நாளைக்கு லைசென்சே கையை விட்டுப் போகும்.

எல்லாத் தண்ணீருக்கும் அதிகாரம் ஒருவருக்கே என்று நினைத்துவிடவும் கூடாது. லண்டனின் தென்மேற்கிலுள்ள டெடிங்டனுக்கு மேலே உள்ள தேம்ஸ் ஆறு, சுற்றுச்சூழல் முகமை என்ற அரசு அமைப்பின் கீழ் வருகிறது. அங்கே லைசென்சுக்குப் பதில் பதிவு. 2010ஆம் ஆண்டின் ஆணைப்படி, ஆற்றையொட்டிய மெரினாவுக்குள் நிற்கும் படகும் பதிவு செய்யப்பட வேண்டும். இல்லையென்றால் வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும், அபராதம் 1,000 பவுண்டு வரை வரலாம். இரண்டு நிர்வாகங்களின் தண்ணீரிலும் போய்வருகிறவர்களுக்குக் கோல்டு லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. மான்செஸ்டர் பக்கத்து பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் தனியாருடையது, நார்ஃபோக் பக்கத்துப் பிராட்ஸ் நீர்நிலைகளுக்குத் தனி ஆணையம், ஸ்காட்லாந்துக் கால்வாய்களுக்கு வேறு அமைப்பு. இன்னொன்று, ஆறுகளுக்கு மட்டும் செல்லும் மலிவான லைசென்சை எடுத்துவிட்டுக் கால்வாய் மெரினாவில் கட்டினால் அது செல்லாது.

படகை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்த உபயோகத்துக்கான லைசென்சை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. வணிக லைசென்ஸ் வேறு, அதற்கான பாதுகாப்பு விதிகளும் வேறு.

இனி, எல்லாவற்றையும்விட என்னை வருத்தும் தவறு: கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது.

படகில் வாழ்கிறவருக்கு நிலையான முகவரி இருக்காது. அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார். அண்ணன் வீடு மாறியிருப்பார். மின்னஞ்சல் வேறொரு பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும். இப்படி முதல் நினைவூட்டல், இரண்டாவது நினைவூட்டல் எல்லாம் போய்விடும். அல்லது கடிதம் கைக்கு வந்திருக்கும், பணம் இல்லாத மாதமாக இருக்கும், பயத்தில் அலமாரிக்குள் போயிருக்கும். நிபந்தனை மீறப்பட்டால் 28 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பி லைசென்சை ரத்து செய்ய 1995 சட்டம் இடம் தருகிறது. அனுமதியின்றி நிற்கும் படகை அகற்ற 1983ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது, அதற்கும் 28 நாள் நோட்டீஸ். அகற்றும் செலவும் உரிமையாளர் தலையில்தான். அந்தப் படகே ஒருவரின் வீடு என்றால் டிரஸ்ட் முதலில் நீதிமன்றத்துக்குப் போகும். இந்த நடைமுறை முடிய மாதக்கணக்காகும். அத்தனை மாதத்தில் ஒரு போன் செய்திருந்தால் நின்றிருக்கும் என்று சொல்லக்கூடிய வழக்குகள்தான் பெரும்பாலும்.

ஆகவே பேசுங்கள். மாதத் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். உடல்நிலை, மனநிலை, மாற்றுத்திறன் காரணமாக விதியைப் பின்பற்ற முடியாதவர்கள் சலுகை கேட்க 2010 சமத்துவச் சட்டம் வழி தருகிறது. டிரஸ்டிலேயே நலப் பணிக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கரையோரங்களில் வாட்டர்வேஸ் சாப்ளன்சி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பினர் நடந்து வந்து விசாரிப்பார்கள். கடிதத்தைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதவும் உதவுவார்கள். எந்த மதத்தவர் என்று பார்க்க மாட்டார்கள். குறைந்த வருமானத்தில் படகில் வசிப்பவருக்குச் சில சூழலில் அரசின் வீட்டு உதவித்தொகையும் கிடைக்கலாம். விசாரிக்காமல் விடாதீர்கள்.

படகின் உரிமையாளர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று குடும்பத்தார் யாரும் யோசித்திருப்பதில்லை. வங்கிக்குச் சொல்வார்கள், வீட்டு வரி அலுவலகத்துக்குச் சொல்வார்கள். மெரினாவில் அப்பா வைத்திருந்த படகு மட்டும் அப்படியே தண்ணீரில் நிற்கும். அவர் பெயரில் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்துகொண்டிருக்கும். மெரினா அலுவலகம், டிரஸ்ட், இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்றுக்கும் இறப்புச் சான்றிதழின் நகலோடு முதல் மாதத்திலேயே தகவல் கொடுங்கள். படகை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்று அப்போதே முடிவு சொல்ல வேண்டியதில்லை. இப்போது யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் போதும்.